மீதி பின்பக்கம்

சில்லறை இல்லாவிட்டால்
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பேன்.
பத்து. முப்பது. ஐந்து.
இறங்கும்போது வாங்கிக்கோங்க.
பதினெட்டு வருடம், சேலம் – ஏற்காடு.
நான் மறந்ததில்லை,
மறந்து இறங்கிப் போனவர்கள்தான் அதிகம்.

போன ஆவணி வரை
முதல் நடைக்கு முன்பே ஒரு குவார்ட்டர்,
முந்தின இரவே வாங்கி
தண்ணீர் கேனில் ஊற்றிவைத்தது.
கை நடுங்காமலிருக்க என்பது பாதி உண்மை.
பதினோராம் வளைவில்
பள்ளத்தைப் பார்க்காமலிருக்கக் குடித்தேன்.
பார்த்தால் எனக்குப் பயமே வராது.
அதுதான் பயம்.

டிப்போவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
கடன் என்றான் டிரைவர் லூர்து.
செய்வினை என்றது மாமியார் வீடு.
டைம் கீப்பர், கொழுப்பு என்றார்.
உண்மையில் ஒரு காரணம் இருந்திருந்தால்
எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.
மகள் படிக்கிறாள். வீட்டில் மாடி எடுத்தாயிற்று.
மாம்பழ சீசனில் கூடை கூடையாய் மல்கோவா.
இருந்தும் விடிகாலை மூன்று மணிக்கு
வெள்ளைக்கல் ஏற்றிய லாரி ஒன்றை
யாரோ என் நெஞ்சின்மேல் நிறுத்திவிட்டு
சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சாந்தாமணி கேனை உடைத்தாள்.
சென்றாயப் பெருமாள் முன்னால் சத்தியம் வாங்கினாள்.
நிறுத்தினேன், பதினாறு நாள்.
பதினேழாம் நாள் அவளே சொன்னாள்:
"குடிச்சிட்டு வந்தா திட்டலாம்.
இப்படிச் செவுத்தப் பாத்து உக்காந்திருந்தா
நான் யாரத் திட்டறது?"

பெரியாஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை வரிசை.
எனக்கு முன்னால் ஒரு காலேஜ் பையன்
நாற்காலியை மூன்றுமுறை தொட்டுவிட்டுத்தான் உட்கார்வான்.
யாராவது இடித்துவிட்டால்
எழுந்து மறுபடி மூன்றுமுறை.
முன்பென்றால் சிரித்திருப்பேன்.
அன்று, நகராமல் இருக்கட்டுமென்று
அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

எது முதல்ல வந்துச்சு என்று கேட்டார் டாக்டரம்மா,
தூக்கம் போனதா, குடி வந்ததா?
பதினெட்டு வருட டிரிப் ஷீட்டை
மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன்.
ஏறிய ஸ்டாப்பே தெரியவில்லை.
சீட்டில் எழுதினார்:
எஃப் பத்து, எஃப் முப்பத்திரண்டு, நடுவில் ஒரு கூட்டல்.
"ரூட் நம்பர் மாதிரி இருக்குங்களே?"
"ரெண்டு வண்டி, ஒரே ரோடு.
ஒண்ண மட்டும் நிறுத்தினா
மத்தது கூட்டத்தோட வரும்."

"வியாதிங்களா?" என்றாள் சாந்தாமணி.
"வியாதிதாம்மா."
அந்த ஒரு சொல்லுக்கு
அவள் ஏன் அப்படி அழுதாள் என்று புரிய
ஒரு மாதம் ஆனது எனக்கு.
என்னை வெறுக்க முயன்று முயன்று
களைத்துப் போயிருந்தாள்.

மார்கழியில் ஒருநாள், அஸ்தம்பட்டி கடை வாசலில்
அரைமணி நேரம் சும்மா நின்றேன்.
பிறகு சும்மா நிற்கவில்லை.
செவ்வாய்க்கிழமை போய்ச் சொன்னேன்.
டாக்டரம்மா தேதியைக் கேட்டார், எழுதிக்கொண்டார்.
அவ்வளவுதான்.
திட்டு வாங்கப் போனவனுக்கு
அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

காலையில் அரை மாத்திரை, இரவில் ஒன்று.
வாய் உலர்கிறது. காக்கிச் சட்டை இறுக்குகிறது.
லாரி இன்னும் வருகிறது சில இரவுகளில்,
லோடு இல்லாமல்.
பதினோராம் வளைவில் பள்ளம்
அதே இடத்தில்தான் இருக்கிறது.
பார்க்கிறேன்.
கொஞ்சம் பயமாக இருக்கிறது.

நேற்று அடிவாரத்தில் ஏறிய ஆள்
நீட்டிய நோட்டு, கையோடு சேர்ந்து படபடத்தது.
அந்த வாசனை எனக்குத் தெரியும்.
அதற்கடியில் உள்ள வாசனையும்.
பள்ளத்துப் பக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்: இருபது.
அதற்குக் கீழே, செவ்வாய்.
"மறக்காம எங்கிட்ட வந்து வாங்கிட்டு எறங்குங்க."

பையில் சில்லறை இருந்தது.